டர்போ கார் ஆயில் தள்ளினால்: இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார் ஆயில் தள்ளும் கோளாறுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒரே பெயர்தான்: பேக் கம்ப்ரஷன், அதாவது எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது. வண்டியை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறப்பார்கள், வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள், புகை தட்டுப்பட்டால் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். சில வண்டிகளில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். ஆனால் பிஸ்டன் ரிங்கில் ஒரு குறையும் இல்லாமல், அடைத்துக்கொண்ட ஒரு ஹோஸோ, கிழிந்த ஒரு ரப்பர்த் தகடோ, அளவுக்கு மீறி ஊற்றிய ஆயிலோ இதே அறிகுறிகளைக் காட்டும் வண்டிகளும் உண்டு; கையை வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது இன்ஜினுக்குள் ஏறும் அழுத்தத்தின் அளவு ஒன்றுதான். அந்த அளவை எடுக்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். டர்போ காரைப் புதிதாக வாங்கியவர்களும், பழைய டர்போ டீசலை வைத்துக்கொண்டு பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்களும் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

காற்று எங்கிருந்து வருகிறது

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரியும்போது சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு அந்த இடைவெளி வழியாகக் கீழே இறங்கி, ஆயில் சேம்பரும் கிராங்க்கும் இருக்கும் கிராங்க் கேஸ் என்ற பகுதிக்குப் போவது புது இன்ஜினிலும் நடப்பதுதான். 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் ஒன்று 3000 சுற்றில் நல்ல பாரம் இழுக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 லிட்டர் காற்றை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலும் 40 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டின் கொள்ளளவு காற்று ஒவ்வொரு நிமிடமும் கிராங்க் கேஸுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. வெளியேற நேரான வழி கிடைக்காவிட்டால் அது தானே வழி தேடும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கை மேலே தூக்கும், கிராங்க் ஆயில் சீலைத் தள்ளும், டேப்பட் கவர் கேஸ்கெட்டின் ஓரத்தில் ஆயிலை வியர்க்க வைக்கும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவுக்கு இதனால் வரும் தொல்லை தனி. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் அதன் அச்சுக்கு, பம்ப் நல்ல அழுத்தத்தோடு ஆயிலை ஊட்டுகிறது. ஆனால் அந்த ஆயில் சேம்பருக்குத் திரும்பி இறங்குவது தன் எடையால் மட்டுமே. கடலூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் தென்பெண்ணையும் நிறைந்து வரும்போது கடல் பொங்கியிருந்தால், முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாமல் பின்னால் தேங்கும். "கடல் தண்ணிய வாங்கல" என்பார்கள். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியிருக்கும்போது டர்போவின் வடிகுழாய்க்கும் அதே கதிதான். டர்போவின் சீல் ரப்பரால் ஆனதன்று, மெல்லிய உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்துவதற்காக அது செய்யப்படவில்லை. ஆகவே ஆயில் ஒரு பக்கம், டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்குள்ளும் மறுபக்கம் சைலன்சருக்குள்ளும் கசிந்து நீலப் புகையாகும். டர்போ போய்விட்டது என்று புதிது மாற்றி, மூல காரணத்தைத் தொடாமல் விட்டால், புதிய டர்போவும் சில வாரங்களில் அதே போலக் கசியத் தொடங்கும்.

காற்று வெளியேற உற்பத்தியாளர் வைத்திருக்கும் வழி பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு. டர்போ பெட்ரோல் இன்ஜினில் வழிகள் இரண்டு. ஐடிலிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருப்பதால், பி.சி.வி. வால்வு வழியாக வாயு அங்கே போகிறது. டர்போ அழுத்தம் ஏறியதும் மேனிஃபோல்டு உறிஞ்சுவதை விட்டு ஊதத் தொடங்குவதால், ஒருவழி வால்வு ஒன்று அந்தப் பாதையை அடைத்துவிட, வாயு பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாய்க்குத் திரும்புகிறது. டீசலில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி மட்டுமே. இடையில் ஆயிலைப் பிரித்துக் கீழே அனுப்பும் செபரேட்டரும், உறிஞ்சலை அளவோடு வைக்கும் ஒரு ரப்பர்த் தகடும் இருக்கும். இந்த வாயுவை ஒரு குழாய் வழியாகச் சாலையில் விட்டுவிடுவதுதான் பழைய வழக்கம். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கார்களின் மாசைக் குறைக்க எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று, அதை இன்ஜினுக்கே திருப்பி எரிக்கச் செய்தது. இன்றைய பி.எஸ். 6 வண்டிகளில் இந்த அமைப்பு மிகவும் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டிருப்பதால், பாதியைத் துண்டித்துவிட்டு மீதி ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் காசில்லாமல் பார்க்கக்கூடியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி இருந்தால், கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும். அந்த நுரையும் தூவலும் பிரீதர் வழியாகவே வெளியேறும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான்" என்று அரை லிட்டரை அதிகம் ஊற்றுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம், டர்போ வண்டிக்கு அது தீங்கு. பி.எஸ். 6 டீசலில் யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறுவதும் உண்டு: சைலன்சரிலுள்ள புகைக்கரி வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்ய வண்டி கூடுதலாகச் செலுத்தும் டீசலில் ஒரு பகுதி, குறுகிய ஓட்டங்களில் அந்த வேலை பாதியில் நின்றுபோகும்போது, ஆயிலில் கலந்துவிடுகிறது. குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்து மட்டமும் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் வேறெந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

ஆயில் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். தயிர் ஏடு போல வெளிர்பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை வரை போய் வருவதோடு அன்றைய ஓட்டம் முடிந்துவிடுகிற வண்டியில், நம் கடலோர ஈரப்பதத்தில், இது இயல்பாகவே சேரும். இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி கடலூர் வரை ஒருமுறை ஓட்டித் திரும்பினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ரேடியேட்டர் கூலன்டும் சேர்ந்து குறைந்துகொண்டிருந்தால் அது வேறு கதை. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போவின் முகப்பில் உறிஞ்சல் அதிகமாகி, பிரீதர் வழியாக ஆயில் தூவலையும் சேர்த்து இழுக்கும். ரிங், டர்போ எல்லாம் நன்றாக இருந்தும் இன்டர்கூலரில் ஆயில் நிற்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அளக்கும் கருவி

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஐந்து மீட்டர் வாங்குங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலான ரீப்பர் கட்டையில் அதை ஆங்கில "யு" எழுத்து வடிவில் வளைத்துக் கட்டி, இரு கால்களுக்கும் நடுவில் ஒரு அளவு டேப்பை ஒட்டி, பாதி உயரம்வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு நீலம் விட்டுக்கொண்டால் கருவி தயார். ஒரு முனை திறந்தே இருக்க வேண்டும். மறு முனையை டிப் ஸ்டிக்கை உருவிய குழாயில், பொருத்தமான ரப்பர் ஹோஸ் துண்டும் கிளிப்பும் போட்டுக் காற்றுப் புகாமல் மாட்ட வேண்டும். தண்ணீர் இரு கால்களிலும் எவ்வளவு உயர வேறுபாட்டில் நிற்கிறதோ அதுவே அழுத்தம். 10 மி.மீ. வேறுபாடு ஏறத்தாழ 1 மில்லிபார். மேனுவலில் மில்லிபாரில் கொடுத்திருந்தால் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

இதில் தவறவே கூடாத ஒன்று உண்டு. பெட்ரோல் இன்ஜினில் பி.சி.வி. வால்வின் ரப்பர்த் தகடு கிழிந்திருந்தால், மேனிஃபோல்டின் முழு உறிஞ்சலும் கிராங்க் கேஸுக்கு வரக்கூடும். அது தண்ணீரைப் பல மீட்டர் உயரத்துக்கு இழுக்கும் வலிமையுள்ளது. உங்கள் ஒரு மீட்டர் டியூபில் உள்ள நீலத் தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் ஆயில் சேம்பருக்குள் போய்விடும். எனவே கருவிக்கும் டிப் ஸ்டிக் குழாய்க்கும் இடையில் ஒரு கெட்டியான கண்ணாடிப் பாட்டிலை வைத்து, அதன் மூடியில் இரண்டு துளையிட்டு, இரு டியூப் முனைகளையும் மூடிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி செருகி, எம்-சீல் வைத்து அடையுங்கள். தண்ணீர் வந்தாலும் பாட்டிலின் அடியில் தங்கிவிடும். மெல்லிய தண்ணீர் பாட்டில் உறிஞ்சலில் சப்பிப்போகும், உதவாது.

அளவு எடுக்கும் முறை

முதலில் வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் எடுக்கும் அளவு எதையும் சொல்லாது. திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, வேட்டி நுனியோ துப்பட்டாவோ பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, ஐடிலிங்கில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுத் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் துடித்துக்கொண்டே இருந்தால் டியூபை ஒரு கிளிப்பால் லேசாக நெருக்குங்கள்; துடிப்பு அடங்கி சராசரி தெரியும். இன்ஜின் பக்கத்துக் கால் உயர்ந்தால் உறிஞ்சல், திறந்த கால் உயர்ந்தால் அழுத்தம்.

நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் டர்போ உண்மையான அழுத்தத்தைக் கட்டாது, ஏனென்றால் இன்ஜினுக்குப் பாரம் இல்லை. இரண்டாவது அளவை ஓடும் வண்டியில்தான் எடுக்க முடியும். டியூபைப் பானட் ஓரமாக, சூடான பாகங்களைத் தொடாமல் கொண்டுவந்து, இடது ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையின் இரு கால்களும் வண்டியின் குறுக்கே, ஒன்று ஓட்டுநர் பக்கமும் மற்றது கதவுப் பக்கமுமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாகப் பிடித்தால் வேகம் கூடும்போது தண்ணீர் தானாகவே பின்கால் பக்கம் ஏறி, இல்லாத அழுத்தத்தைக் காட்டும். போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் நேரான பகுதி ஒன்றில், மூன்றாவது கியரில் 1800 சுற்றிலிருந்து முழுதாக மிதித்து ஏற்றினால் சில நொடிகளில் அளவு கிடைத்துவிடும். பார்ப்பதும் குறிப்பதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டுபவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

எண்கள் சொல்வது

சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான். அது கைக்கு எட்டாதபோது நான் கைக்கொள்ளும் எல்லைகள் இவை. டர்போ பெட்ரோல் ஐடிலிங்கில் 20 முதல் 150 மி.மீ. வரை உறிஞ்சலில் இருந்தால் கவலையில்லை. டீசல் பூஜ்யத்தை ஒட்டியோ சற்றே உறிஞ்சலிலோ நிற்க வேண்டும். முழுப் பாரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும், 50 மி.மீ. அழுத்தத்தைத் தாண்டினால் காரணம் தேடத் தொடங்குவேன், 100 மி.மீ. தாண்டினால் காரணம் தெரியும்வரை நெடுஞ்சாலை ஓட்டத்தை நிறுத்திவைப்பேன்.

பெட்ரோலில் ஐடிலிங்கிலேயே தண்ணீர் முழுவதும் பாட்டிலுக்குள் போனால் பி.சி.வி. வால்வோ அதன் தகடோ கெட்டிருக்கிறது; டேப்பட் கவர் பக்கமிருந்து விசில் சத்தமும், ஐடிலிங் ஏற்ற இறக்கமும் கூடவே இருக்கும். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, டர்போ பிடித்ததும் அழுத்தம் எகிறினால் ஒருவழி வால்வைச் சந்தேகியுங்கள், ஏனெனில் டர்போ ஊதும் காற்று நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். மேனிஃபோல்டுக்குப் போகும் அந்த ஹோஸைத் தற்காலிகமாக இரு முனையிலும் அடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அழுத்தம் மறைந்தால் ஒரு சிறிய வால்வோடு வேலை முடிந்தது.

ஐடிலிங்கிலும் பாரத்திலும் அழுத்தம் நீடித்தால் பிரீதர் ஹோஸை டர்போ முகப்பிலிருந்து கழற்றி, முகப்புத் துளையை அடைத்து, ஹோஸ் முனையை ஒரு பாட்டிலில் விட்டு, ஐடிலிங்கில் மீண்டும் அளந்து பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். இப்படியே ஓட்டக் கூடாது. அளவு அப்போதும் குறையாவிட்டால் அடைப்பு ஹோஸிலோ செபரேட்டரிலோ இருக்கலாம், அல்லது வரும் காற்றே அளவுக்கு மீறியதாக இருக்கலாம்.

ஹோஸும் செபரேட்டரும்

என் சொந்த அனுபவம் இந்த இடத்தில்தான். மஞ்சக்குப்பத்தில் நான் வைத்திருந்த டர்போ டீசல் 1,30,000 கி.மீ. ஓடியபோது ஆயில் குடிக்கத் தொடங்கியது. பின்பக்க ஆயில் சீலை ஒரு வருடத்தில் இரண்டு முறை மாற்றினேன். ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்க 80,000 ரூபாய் ஆகும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். தெரிந்த மேஸ்திரி ஒருவர் சொல்லித்தான் டியூப் கட்டி அளந்தேன். ஐடிலிங்கிலேயே 180 மி.மீ. அழுத்தம். பிரீதர் ஹோஸை வெளியிலிருந்து பார்த்தால் புதிது போல இருந்தது. அவர் அதைக் கழற்றி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளே விட்டார். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவில்லை. பிளேடால் நீளவாக்கில் பிளந்து காட்டியபோது, உட்புற ரப்பர் அடுக்கு ஆயிலில் ஊறி உப்பி, வெளி அடுக்கிலிருந்து உரிந்து, நனைந்த அப்பளம் போலக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. புது ஹோஸ் போட்டதும் அதே ஐடிலிங்கில் 15 மி.மீ. உறிஞ்சல். அந்த இன்ஜினை அதன் பிறகு யாரும் இறக்கவில்லை.

ஆகவே ஹோஸை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கழற்றி உள்ளே பாருங்கள், வாயால் ஊதிப் பாருங்கள், பென்சில் விட்டுப் பாருங்கள். செபரேட்டரைக் கழற்ற முடிந்தால் டீசலில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். கவரோடு ஒட்டிய வகையாக இருந்தால் மாற்றுவதே வழி. புது ஹோஸ் ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் சில மாதங்களில் இளகி உள்ளே சப்பிக்கொள்ளும். பளபளப்பாக விற்கும் சாதாரண சிலிகான் ஹோஸும் ஆயிலுக்கு ஏற்றதன்று. தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் வண்டி நிற்குமானால் கிளிப்புகளைத் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள். உப்புக்காற்றில் சாதாரண கிளிப் துருவேறித் தளர்வதும், அந்த இடத்தில் ஆயில் கசிவதும் இங்கே அடிக்கடி நடப்பது.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பல மேஸ்திரிகள் இதை நினைப்பதே இல்லை. பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் தரும் வேக்கம் பம்ப், தான் இழுத்த காற்றை இன்ஜினுக்குள்ளேயே விடுகிறது. பூஸ்டர் ஹோஸ் எங்காவது வெடித்திருந்தால் பம்ப் ஓயாமல் வெளிக்காற்றை இழுத்துக் கிராங்க் கேஸில் கொட்டிக்கொண்டே இருக்கும். பம்பிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றிப் பம்ப் முனையை ஒரு கணம் அடைத்துப் பாருங்கள். அளவு விழுந்தால் குற்றம் அங்கே. வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும், பிரேக் கடினமாகிவிடும்.

ஈரம் எங்கே தொடங்குகிறது

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றுங்கள். பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்தே குழாய் ஈரமாக இருந்தால் ஆயில் பிரீதர் வழியாக வருகிறது. டர்போவுக்கு முன்னால் காய்ந்திருந்து, டர்போவைத் தாண்டிய குழாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போவின் சீலோ வடிகுழாயோ காரணம். விரலில் ஒட்டும் மெல்லிய படலம் இயல்பானது; குழாயைச் சாய்த்தால் ஒழுகும் அளவு இயல்பானதன்று. டர்போவை மாற்றச் சொல்வதற்கு முன் வடிகுழாயைக் கழற்றிப் பாருங்கள். அது எங்கும் மேலேறாமல் நேராக இறங்க வேண்டும், உட்புறத்தில் கரி கூடாது, கேஸ்கெட் ஓரத்தில் பிதுங்கிய சீலன்ட் பசை துளையை மூடியிருக்கவும் கூடாது. தேய்ந்துபோன டர்போ சைலன்சர் பக்கத்து வாயுவை இதே வடிகுழாய் வழியாகக் கிராங்க் கேஸுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

இத்தனையும் பார்த்து எதிலும் குறை இல்லாதபோதுதான் ரிங் பக்கம் போக வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் பெட்ரோல் பொதுவாக 10 முதல் 13 பார் வரையும், டீசல் 20 முதல் 30 பார் வரையும் காட்டும். தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் இருக்கும் வேறுபாடே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றின் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு, எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரிலோ ஏர் ஃபில்டரிலோ கேட்டால் வால்வு. பெட்ரோல் இன்ஜினில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. டீசலில் இந்த ஆயில் விடும் சோதனை வேண்டாம். எரியும் அறை சிறியது, ஆபத்து. ரிங் போய்விட்டது என்று தெரிந்த பிறகு கெட்டியான ஆயிலும் புகை நிறுத்தும் மருந்தும் ஊற்றி நாள் கடத்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்போது இன்ஜினை இறக்குவதுதான் நேர்மையான வேலை.

டீசல் தன் ஆயிலிலேயே ஓடத் தொடங்கினால்

இன்டர்கூலரில் ஆயில் தேங்கவிட்டால் வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து இது. டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். தேங்கியது ஒருநாள் மொத்தமாக உறிஞ்சப்பட்டால் இன்ஜின் தானாகவே சுற்று ஏறி அலறும், பின்னால் வெள்ளைப் புகை மறைக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் இது முடியாது. காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைப்பதும், கரியமில வாயுத் தீயணைப்பானை அதற்குள் அடிப்பதும்தான் வழி. கையை வைக்காதீர்கள், துணியைத் திணிக்காதீர்கள், இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். சுற்று எல்லை மீறிவிட்டால் பக்கத்தில் நிற்காமல் விலகிவிடுங்கள். எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றி, வடித்து, துடைத்து மாட்டாமல் வண்டியை ஓட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேட்ச் கேன்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்; நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பிரீதர் வழியில் நடுவே வைத்து ஆயில் தூவலைப் பிடிக்கும் டப்பா இது. காரணத்தைச் சரிசெய்யாது. அழுத்தம் ஒழுங்காக இருக்கும் இன்ஜினில், குறிப்பாக எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டர்போ பெட்ரோலில், வால்வுகளைக் கழுவ பெட்ரோல் அங்கே வருவதில்லை என்பதால், வால்வின் முதுகில் கரி படிவதைக் குறைக்க இது நல்ல உதவி. உள்ளே தடுப்புத் தகடும் கம்பி வலையும் இல்லாத வெறும் அலுமினிய டப்பாவில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆயிலோடு போய்விடும், வாங்க வேண்டாம். அதன் வாய்கள் பழைய ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது; குறைந்தால் நீங்களே ஒரு அடைப்பை விலைக்கு வாங்கி மாட்டியதாகும். டர்போ, சைலன்சர் சூடு படாத குளிர்ந்த இடத்தில், ஹோஸ் எங்கும் தொங்கிக் குழி விழாமல் மாட்டி, வெளிவாயைப் பழையபடி டர்போ முகப்புக் குழாயிலேயே இணையுங்கள். வெளிவாயைத் திறந்துவிடுவது மாசு விதிக்கு எதிரானது. கணக்கில் வராத காற்று உள்ளே போய் இன்ஜின் கணினியின் எரிபொருள் கணக்கும் தவறும். வாரன்ட்டியில் உள்ள வண்டியில் நான் இதை மாட்டச் சொல்வதில்லை.

முதல் மாதம் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் கேனில் சேர்வது பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம், பயப்பட வேண்டாம். கேனை நிரம்பவிட்டால் முழுவதையும் ஒரே மடக்கில் டர்போ உறிஞ்சிக்கொள்ளும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றினால் அது உப்பனாற்றிலோ கடலிலோதான் போய்ச் சேரும். மூடியுள்ள டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுக்கச் சொல்லிப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி ஐடிலிங்கிலும் பாரத்திலும் அளந்து, தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு ஆகியவற்றோடு அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்குள்ளேயே வையுங்கள். குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியானால் 10,000 கி.மீ. ஆகும்வரை காத்திராமல் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டியூப் கட்டிய ரீப்பரை எடுத்து அதே இரண்டு அளவுகளை மீண்டும் எடுத்து, முந்தைய வரிக்குக் கீழே எழுதிவாருங்கள். 15 மி.மீ. அழுத்தம் இருந்த இடத்தில் அடுத்த வருடம் 40 மி.மீ. அழுத்தம் வந்தால், எந்த ஹோஸை முதலில் கழற்ற வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.